சைகா மான்கள் சொல்லும் செய்தி

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய சிறப்புரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எமக்குத் தந்த தலைப்பு ‘காலநிலை மாற்றமும் உடல்நலமும்’ என்பது. டெங்குக் காய்ச்சலைப் பற்றியோ, வெயிலில் வேலை செய்வோரின் சிறுநீரகங்களைப் பற்றியோ பேசப் போகிறோம் என்றுதான் பலரும் நினைத்திருப்பீர்கள். அவற்றைப் பற்றி வைத்தியசாலைகளில் நாள்தோறும் பேசுகிறோம். இன்று சற்று வேறுபட்ட நோயாளி ஒருவரை உங்கள் முன் கொண்டு வந்திருக்கிறோம். மனிதரல்ல, மத்திய ஆசியாவின் புல்வெளிகளில் மந்தையாக மேயும் ஒரு விலங்கு. காலநிலையும் நோயும் எவ்வாறு ஒன்றுசேர்கின்றன, அடிபட்ட பின்னும் ஓர் உயிரினம் எதனால் எழுந்து நிற்கிறது என்ற இரண்டையும் இவ்வளவு தெளிவாகக் காட்டும் நோயாளியை நாங்கள் வேறெங்கும் கண்டதில்லை.

புவியியல் பாடத்தில் ‘ஸ்தெப்பி’ என்று நாம் மனனம் செய்த புல்வெளி உங்களுக்கு நினைவிருக்கும். கசகஸ்தான் நாட்டின் பரந்த பகுதி அந்த நிலந்தான். கண்ணுக்கெட்டிய தூரம் மரம் இல்லை. கோடையில் 40 பாகையைத் தொடும் வெயில். குளிர்காலத்தில் பூச்சியத்துக்குக் கீழே 30 பாகையையும் தாண்டி இறங்கும் குளிர். அங்கே வாழ்வது சைகா எனப்படும் மான் போன்ற விலங்கு. உருவத்தில் நம்மூர் ஆட்டைவிடச் சற்றுப் பெரிது. எடை 30 முதல் 40 கிலோ வரை. அதன் மூக்கு ஒரு சிறு தும்பிக்கை போல வாய்க்கு மேலே தொங்கும். பார்ப்பவருக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் கோடையில் தூசியை வடிப்பதும், குளிர்காலத்தில் உறைந்த காற்றைச் சூடாக்கி நுரையீரலுக்கு அனுப்புவதும் அந்த மூக்குத்தான். பனியுகத்தில் மமத் யானைகளோடு சேர்ந்து மேய்ந்த இனம் இது. மமத் அழிந்துவிட்டது, சைகா இன்றும் இருக்கிறது.

வசந்த காலத்தில் வடக்கே, குளிர் தொடங்கும்போது தெற்கே என்று புல்லையும் தண்ணீரையும் தேடிப் பல நூறு கிலோமீற்றர் நடப்பது இவற்றின் வாழ்க்கை முறை. மே மாதத்தில் பெண் விலங்குகள் பல்லாயிரக்கணக்கில் ஓரிடத்தில் கூடி, ஏறத்தாழ ஒரே வாரத்தில் கன்று ஈனும். வளர்ந்த பெண் பெரும்பாலும் இரட்டைக் கன்றுகளை ஈனும். தாயின் எடையோடு ஒப்பிட்டால், காட்டிலே குளம்புள்ள விலங்குகளுள் இவ்வளவு பெரிய கருச்சுமையைத் தாங்கும் தாய் வேறில்லை என்கிறார்கள். மகப்பேற்று விடுதியில் பணியாற்றிய எவருக்கும் அந்த வாரம் தாயின் உடலுக்கு எத்தகைய சோதனை என்பது விளங்கும்.

2015 மே மாதம், மத்திய கசகஸ்தானின் பெற்பாக்-தலா பகுதியில், கன்று ஈனுவதை ஆராயச் சென்றிருந்த குழுவொன்று முகாமிட்டிருந்தது. முதலில் சில விலங்குகள் சோர்ந்து நின்றன. மூச்சு வாங்கியது. சில மணி நேரங்களில் விழுந்து இறந்தன. தாய்கள் முன்னே போக, அவற்றின் பாலைக் குடித்த கன்றுகள் பின்னே போயின. நோய் கண்ட மந்தைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மூன்று வாரங்களில் இறந்தவை 200,000க்கும் மேல். அன்று உலகில் இருந்த சைகாக்களில் பாதிக்கும் மேற்பட்டவை அவை.

எந்தத் தொற்றுநோயும் ஒரு கூட்டத்தை நூற்றுக்கு நூறு கொல்வதில்லை என்பது நாங்கள் மருத்துவபீடத்தில் கற்ற பாடம். சிலர் தப்புவர், சிலருக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கும். மேலும், ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இருந்த மந்தைகள் ஏறத்தாழ ஒரே நாட்களில் வீழ்ந்தன. ஒரு மந்தையிலிருந்து இன்னொரு மந்தைக்குத் தொற்றிப் பரவ அங்கே அவகாசமே இருக்கவில்லை. நஞ்சு என்றார்கள், விண்கல எரிபொருள் என்றார்கள், புதிய வைரசு என்றார்கள். எதற்கும் சான்று கிடைக்கவில்லை.

இலண்டன் றோயல் கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ரிச்சர்ட் கொக் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பொறுமையாகப் பிரேத பரிசோதனை செய்தார்கள். மண், புல், தண்ணீர் எல்லாவற்றையும் சோதித்தார்கள். 2018இல் வெளியான முடிவு இது. கொன்றது ‘பாஸ்ற்றுரெல்லா மல்ற்றோசிடா’ என்ற பற்றீரியா. அது புதிதாக எங்கிருந்தும் வந்ததல்ல. நலமாக இருக்கும் சைகாக்களின் தொண்டையிலும் மூக்கிலும் எந்தத் தீங்கும் செய்யாமல் அது குடியிருக்கும். நமது தொண்டையிலும் அப்படிப் பல நுண்ணங்கிகள் இருக்கின்றனவே, அதுபோல. இறப்புக்கு முந்திய பத்து நாட்களில் அந்தப் பகுதியில் வழக்கத்துக்கு மாறான ஈரப்பதன் இருந்தது. இரவு வெப்பநிலையும் உயர்ந்திருந்தது. 1981இலும் 1988இலும் நேர்ந்த பேரிறப்புகளின்போதும் வானிலை இவ்வாறே இருந்தது என்பது பழைய பதிவுகளைத் திருப்பிப் பார்த்தபோது தெரியவந்தது. இறப்பு நேராத ஆண்டுகளில் அப்படி இருக்கவில்லை. ஈரமும் வெப்பமும் கூடிய அந்த நாட்களில், சாதுவாகக் கிடந்த நுண்ணங்கி பெருகி இரத்தத்தில் இறங்கிவிட்டது.

காலநிலை மாற்றமே இவற்றைக் கொன்றது என்று அந்த ஆய்வாளர்கள் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லவில்லை. வானிலை எவ்வாறு அந்தப் பற்றீரியாவை மாற்றியது என்ற நுட்பம் இன்னும் முழுமையாக விடுபடவில்லை. ஆனால் மத்திய ஆசியா உலகச் சராசரியைவிட வேகமாக வெப்பமடைகிறது. எனவே அத்தகைய வாரங்கள் மீண்டும் வரக்கூடும் என்பதை அவர்கள் எச்சரிக்கையாகச் சொன்னார்கள்.

இந்த நோய் நமக்கும் அந்நியமானதல்ல. மாடுகளிலும் எருமைகளிலும் தொண்டை அடைப்பான் என்று கால்நடை வைத்தியர்கள் சொல்வது இதே பற்றீரியாவின் வேலைதான். மழை தொடங்கி ஈரம் கூடும் காலத்தில் தெற்காசியா எங்கும் இது தலைகாட்டும். இலங்கையின் உலர் வலயத்துப் பட்டிக்காரருக்கு இதன் வேகம் தெரியும். மாலையில் மேய்ந்து வந்த எருமை விடியுமுன் கிடையிலே இறந்து கிடக்கும். இலங்கைக் கால்நடை விஞ்ஞானி டி அல்விஸ் இந்நோயைப் பற்றி எழுதிய ஆங்கில நூல் 1999இல் வெளியாகி, பல நாட்டுக் கால்நடை வைத்தியர்களுக்கும் பயன்பட்டு வருகிறது. ஸ்தெப்பியின் கதையை நம்மவர் ஒருவரின் உழைப்பை நினையாமல் சொல்ல முடியாது என்பதில் நமக்குப் பெருமை உண்டு.

இனி, நாங்கள் சொல்ல வந்த முக்கியமான கருத்துக்கு வருகிறோம். விடுதியில் அடுத்தடுத்த கட்டில்களில் ஒரே தொற்றோடு இரண்டு நோயாளிகள் கிடப்பார்கள். ஒருவர் மூன்றாம் நாள் எழுந்து வீட்டுக்குப் போவார். மற்றவர் போவதில்லை. பல வேளைகளில் வேறுபாடு கிருமியில் இருப்பதில்லை. நோயாளியின் உடலில் எவ்வளவு இருப்பு மிஞ்சியிருந்தது என்பதில் இருக்கிறது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் தேவைக்கு மேல் ஒரு பங்கு வலு இருக்கிறது. நல்ல நாட்களில் அது வீணாகக் கிடப்பதுபோலத் தோன்றும். கெட்ட நாளில் உயிரைக் காப்பது அதுதான். விலங்கினங்களுக்கும் அப்படி ஓர் இருப்பு உண்டு. காலநிலை தடுமாறும் காலத்தில் அதைக் கரைத்துவிடாமல் காப்பதே பாதுகாப்பு வேலையின் சாரம் என்று கருதுகிறோம்.

சைகாவின் இருப்பு ஏற்கெனவே ஒருமுறை கரைக்கப்பட்டிருந்தது. சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தபின் கூட்டுப் பண்ணைகள் வீழ்ந்தன; புல்வெளிக் கிராமங்களில் வேலை இல்லை, சம்பளம் இல்லை. மக்கள் இறைச்சிக்காகவும் கொம்புக்காகவும் சைகாவை வேட்டையாடினார்கள். ஒரு மில்லியனுக்கு மேல் இருந்த இனம் 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் சுமார் 50,000 ஆகக் குறைந்தது. கொம்பு ஆண் விலங்குக்கு மட்டுமே உண்டு. ஆண்களைத் தேடித் தேடிச் சுட்டதால், இருந்த பெண்களிலும் பல கருவுறாமல் போயின. காய்ச்சலுக்கு மருந்து என்று சீனப் பாரம்பரிய வைத்தியத்தில் அந்தக் கொம்புக்கு விலை இருந்தது. சிங்கப்பூரில் வாழும் சகோதரிகள் அங்குள்ள மருந்துக் கடைகளில் உடற்சூட்டைத் தணிக்கும் நீர் என்று போத்தலில் விற்பதைக் கண்டிருப்பீர்கள். சைகாக் கொம்பு அதிலும் சேர்கிறது. கொம்பின் மேலுறை நமது நகத்தைப் போன்றே கெரற்றின் என்ற புரதத்தால் ஆனது. காய்ச்சலைக் குறைக்க ஒரு பரசிற்றமோல் மாத்திரை இருக்கிறது. அதற்கு ஓர் உயிரினத்தைச் செலவிட வேண்டியதில்லை.

அந்த நிலையிலிருந்து மீட்பு தொடங்கியது. கசகஸ்தான் அரசு வேட்டையைத் தடை செய்தது. 2005 அளவில் அரசும், அந்நாட்டின் உயிர்ப்பல்வகைமைப் பாதுகாப்புச் சங்கமும், பிராங்பேட் விலங்கியல் சங்கம் போன்ற வெளிநாட்டு அமைப்புகளும் சேர்ந்து ‘அல்தின் தலா’ என்ற திட்டத்தை ஆரம்பித்தன. கசக் மொழியில் பொன் புல்வெளி என்று பொருள். காவலர்களுக்கு வாகனமும் பயிற்சியும் கொடுத்தார்கள். பரந்த நிலங்களைச் சரணாலயங்களாக்கினார்கள். மந்தைகள் நடக்கும் வழியில் எல்லை வேலி குறுக்கிட்ட இடங்களில், அவை புகுந்து போகும்படி கீழ்க் கம்பிகளை மாற்றியமைத்தார்கள். இந்தப் பணிக்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. 2019இல் இரண்டு காவலர்கள் களவாக வேட்டையாடுவோரால் கொல்லப்பட்டார்கள். அதன்பின் சட்டம் மேலும் இறுக்கப்பட்டது.

2015இன் அடி விழுந்தது இப்படி மெல்ல மெல்ல எழுந்துகொண்டிருந்த இனத்தின்மேல். அடுத்த ஆண்டுக் கணக்கெடுப்பில் கசகஸ்தானில் எஞ்சியிருந்தவை சுமார் 108,000. ஆனால் 2019இல் 334,000, 2021இல் 842,000, 2023இல் 1.9 மில்லியன். அந்த ஆண்டு டிசம்பரில் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் சைகாவை மிகக் கடுமையான ஆபத்துப் பட்டியலிலிருந்து எடுத்து, அச்சுறுத்தலுக்கு அண்மித்தது என்ற நிலைக்கு மாற்றியது. 2024இல் அல்தின் தலா திட்டத்துக்கு ‘ஏர்த்ஷொட்’ பரிசும் கிடைத்தது.

இதற்குத் தடுப்பூசி போட்டார்களா என்று கேட்பீர்கள். இல்லை, திரியும் காட்டு மந்தைக்கு அப்படி மருந்து கொடுக்க முடியாது. அந்த வாரத்து ஈரத்தையும் எவராலும் நிறுத்தியிருக்க முடியாது. மீட்டது இருப்புத்தான். சைகாப் பெண் ஒரு வயதிலேயே கன்று ஈனும், பின்னர் இரட்டையாக ஈனும். இது உடலின் இருப்பு. பெற்பாக்-தலாவில் நோய் வந்தபோது யூரல் பகுதி மந்தை வேறோர் இடத்தில் நலமாக இருந்தது; இது இனத்தின் இருப்பு. எழுந்து பெருகுவதற்கு உழப்படாத, முழுவதும் வேலியிடப்படாத புல்வெளி விரிந்து கிடந்தது. இது நிலத்தின் இருப்பு. அதே 2015இல் உஸ்த்யூர்த் மேட்டுநிலத்து மந்தையில் 1,300 அளவிலேயே மிஞ்சியிருந்தன. எல்லை வேலியும் புதிய புகையிரதப் பாதையும் அதன் வழியை வெட்டியிருந்தன. அந்த மே மாத நோய் அங்கே சென்றிருந்தால் அந்த மந்தையைப் பற்றி இன்று இறந்தகாலத்திலேயே பேசியிருப்போம்.

இதைக் கேட்டு, எல்லாம் நலமாக முடிந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். சைகா பெருகியதும் புதிய பிணக்கு வந்துவிட்டது. மேற்குக் கசகஸ்தானில் எங்கள் ஆடுமாடுகளின் புல்லையும் தண்ணீரையும் இவை தின்று குடித்து மிதித்துவிடுகின்றன என்று விவசாயிகள் முறையிடுகிறார்கள். வறண்ட ஆண்டில் அந்த முறைப்பாட்டில் நியாயமும் இருக்கிறது. ஒரு பகுதியைச் சுட்டுக் குறைப்பதா என்ற விவாதம் அங்கே சூடாக நடந்தது. எண்ணிக்கை கூடிவிட்டது, இனிப் பயமில்லை என்ற வாதத்துக்கு 2015 ஒரு மறுமொழி. மூன்று வாரத்தில் 200,000 விலங்குகள் போக முடியுமென்றால், இன்றைய கூட்டம் நாளைய காப்பும் அதுவே. ஆனால் அந்தக் காப்பின் செலவை ஏழை இடையர் மட்டும் தாங்க வேண்டும் என்றால் அது நிலைக்காது. புல்வெளியால் நன்மை எல்லோருக்கும் கிடைக்கிறது. அதன் மண் பெருமளவு கரிமத்தைத் தேக்கி வைக்கிறது. மேயும் விலங்கு இல்லாத இடத்தில் காய்ந்த புல் மண்டி, தீப் பிடித்தால் வெகுதூரம் பரவுகிறது. நன்மை பொதுவானால் செலவும் பொதுவாக வேண்டும்.

கசகஸ்தான் கதை நமக்கெதற்கு என்று நினைக்கும் தங்கைமார் இருக்கக்கூடும். குறிகட்டுவானில் படகேறினால் ஒரு மணி நேரத்தில் நெடுந்தீவு. அங்கே கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளை நாம் எல்லோரும் அறிவோம். நம்மோடு விடுதியில் தங்கிப் படித்த நெடுந்தீவுத் தோழிகளின் பேச்சில் குதிரை வராத நாளில்லை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் கொண்டுவந்து வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை இவை. ஆதியில் காட்டு விலங்கல்ல. ஆயினும் இன்று ஆளில்லாமல், தாமாகவே புல் மேய்ந்து வாழ்கின்றன. 2015 ஜூன் மாதத்தில், சைகாக்கள் மாண்ட அடுத்த மாதம், நெடுந்தீவில் ஒரு தேசிய பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டது.

பெயர்ப்பலகை மட்டும் தண்ணீர் தராது. அது சுண்ணாம்புக்கல் தீவு. மழைநீர் தங்குவது குறைவு, பல கிணறுகள் உவர். மழை பிந்தும் ஆண்டுகளில் கேணிகளும் பள்ளங்களும் வற்றிக் குதிரைகள் தண்ணீரின்றி இறந்த செய்திகளை நாம் வாசித்திருக்கிறோம். தீவு மக்கள் தமக்கே தண்ணீர் தட்டுப்பாடான நேரத்திலும் தொட்டி நிரப்பி வைத்ததையும் அறிவோம். சைகாவுக்கு நடந்து செல்லப் பல நூறு கிலோமீற்றர் உண்டு. நெடுந்தீவுக் குதிரைக்கு நாற்புறமும் கடல். சுமார் 50 சதுர கிலோமீற்றர் தீவில், மாட்டோடும் ஆட்டோடும் புல்லைப் பகிர வேண்டும். வேறு மந்தை இல்லை, வேறு புல்வெளி இல்லை. இருப்பு இவ்வளவு குறைந்த நோயாளியை எந்த வைத்தியரும் தூரத்தில் விட்டுவைக்க மாட்டார். கட்டிலருகே குறிப்பேடு வைத்து நாள்தோறும் பார்ப்பார்.

எமது வேண்டுகோள் அந்தக் குறிப்பேட்டைப் பற்றியது. 2015இல் என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம், 1981இலும் 1988இலும் யாரோ சிலர் வெப்பநிலையையும் இறப்பையும் எழுதி வைத்திருந்ததே. நூற்றாண்டு நிதியில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, எமது கல்லூரியின் விஞ்ஞான மன்றமும் நெடுந்தீவுப் பாடசாலைகளும் சேர்ந்து ஒரு பதிவேட்டை ஆரம்பிக்கலாம். மழை எவ்வளவு, கேணிகளில் நீர்மட்டம் எவ்வளவு, எத்தனை குதிரைகள், எத்தனை குட்டிகள், எத்தனை இறந்தன. ஆண்டுக்கு இருமுறை, ஒரே முறையில், வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியோடும் தீவு மக்களின் ஒத்துழைப்போடும். ஒரு வருடப் பதிவு அதிகம் சொல்லாது. பத்து வருடப் பதிவு எந்தக் கேணியைத் தூர்வார வேண்டும், எந்த மாதத்தில் தொட்டிகளில் தண்ணீர் வேண்டும் என்று சொல்லும். இருபது வருடப் பதிவு இருந்தால் கொழும்பில் திட்டமிடுவோரும் கேட்டே ஆக வேண்டும்.

இரண்டாவதாக, அத்தீவின் மாடுகளையும் ஆடுகளையும் மறக்க வேண்டாம். ஒரே கேணியில் நீர் குடிக்கும் வீட்டு விலங்கும் கட்டாக்காலி விலங்கும் நோயையும் பகிர்ந்துகொள்ளலாம். கால்நடை வைத்தியத் துறையில் இருக்கும் எமது சகோதரிகள் ஆண்டுக்கொருமுறை ஒரு முகாம் நடத்த முன்வந்தால், மக்களுக்கும் உதவி, குதிரைகளுக்கும் காப்பு. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் உள்ள கிளைச் சங்கங்கள் பயணச் செலவை ஏற்கலாம். மூன்றாவது வேண்டுகோளுக்குப் பணமே தேவையில்லை. எந்த நாட்டில் வாழ்ந்தாலும், காட்டு விலங்கின் கொம்போ எலும்போ மருந்தென்று வந்தால் வாங்காதீர்கள். வாங்க நினைப்பவருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

நூறு ஆண்டுகள் ஒரு பாடசாலை நிலைத்ததும் இருப்பினாலேதான். இடம்பெயர்ந்த காலங்களில், கட்டடம் இல்லாத நாட்களில், ஆசிரியர்களின் உறுதியும் ஊரவரின் ஆதரவும் எங்கெங்கோ போயிருந்த பழைய மாணவிகளின் கையும் எம்மைத் தாங்கின. அந்தத் தாங்கலின் ஒரு பங்கை, பேச வாயில்லாத, எம் கரைக்கு மிக அருகில் மேயும் உயிர்களுக்கும் கொடுப்போம். பதிவேட்டுக்குப் பெயர் தர விரும்பும் மாணவிகளும், துணை நிற்க விரும்பும் சகோதரிகளும் சங்கச் செயலாளரிடம் இன்றே தெரிவித்தால் வரும் மழைக்காலத்துக்கு முன் முதற் கணக்கெடுப்பைத் தொடங்கிவிடலாம்.